எங்கள் வம்சத்தில் கிடையாது

அப்பா இன்சூரன்ஸ் ஏஜென்ட். தெருவில் அவருக்குப் பெயரே 'பாலிசி'தான். பிறத்தியார் வீட்டு சோபாவில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்புவார். நோய் விவரம் கேட்கும் பக்கம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எதையும் மறைக்காதீங்க சார். மறைச்சா பின்னாடி உங்க பிள்ளைங்கதான் கஷ்டப்படும்" என்பார். முப்பது வருஷமாக இதே வசனம்தான்.

அம்மா போன பிறகு எனக்கும் தங்கைக்கும் ஆஸ்பத்திரித் துணை அவர்தான். முதல் முறை நான் உண்டானபோது டாக்டரம்மா அட்டையை நிரப்பிக்கொண்டே, "உங்க குடும்பத்துல யாருக்காவது சர்க்கரை இருக்கா?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"எங்க வம்சத்துலயே கிடையாது டாக்டர்."

ஏதோ பட்டம் வாங்கியவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். டாக்டரம்மாவும் 'இல்லை' என்று எழுதினார். ஆறாம் மாதம் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க குளுக்கோஸ் தண்ணீரைக் குடிக்கவைத்து ரத்தம் எடுப்பார்கள். எனக்கோ எதைக் குடித்தாலும் வாந்தி. "நமக்கெதுக்கும்மா அது, விடு" என்றார் அப்பா. விட்டேன். எனக்கும் அன்றைக்குப் புத்தி மேயப் போயிருந்தது.

ஒன்பதாம் மாதம் குழந்தை அசைவதை நிறுத்தியது. உயிரில்லாமல் பிறந்தபோது நாலு கிலோவுக்கு மேல் இருந்தது. "எங்க உடல்வாகு, எப்படி வளர்ந்திருக்கு பாரு" என்று அப்பா தேம்பித் தேம்பி அழுதார். அவரைப் பார்த்து எனக்குப் பரிதாபம் வந்தது. அந்தப் பரிதாபத்தை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டாவது முறை, பழைய கதை தெரிந்த டாக்டரம்மா முதல் வருகையிலேயே ரத்தம் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை இருந்தது. "பயப்படாதீங்க, ஆரம்பத்துலயே பிடிச்சுட்டோம். வீட்டுலயே தினம் பார்க்க ஒரு மெஷின் வாங்கிக்குங்க" என்று சீட்டு எழுதித் தந்தார்.

மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்தார். "மெஷின் எதுக்கும்மா தனியா? அப்பாகிட்டதான் இருக்கே. அதுக்கு ஸ்ட்ரிப் மட்டும் தரட்டுமா?"

"அப்பாவுக்கு எத்தனை வருஷமா இருக்கு?" என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"நான் கடை போட்டதுலேர்ந்து மாத்திரை தரேன். பதினோரு வருஷம் இருக்கும்."

வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அப்பா பதறவே இல்லை. "அது சர்க்கரை இல்லம்மா. பார்டர்" என்றார். பதினோரு வருஷமாக எந்த நாட்டு பார்டரில் நிற்கிறாரோ.

"ஏன்ப்பா சொல்லல?"

"உங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆகணுமே. தெரிஞ்சா எவன் வருவான்?"

"ஆனப்புறம் சொல்லியிருக்கலாமே?"

"ஆனப்புறம் எப்படிச் சொல்றது? ஏமாத்திட்டோம்னு சொல்ல மாட்டாங்களா?"

அடுத்த நாள் அவரை டாக்டரம்மா முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்தேன். அங்கே ஒவ்வொன்றாக வந்தது. அவருடைய அப்பாவுக்கு உண்டு. என் அத்தைகள் இருவருக்கும் உண்டு. "எல்லாருக்கும் லேசாதான்" என்றார்.

டாக்டரம்மா பேனாவை வைத்தார். "இது பரம்பரையா வர்றது சார். பெத்தவங்களுக்கு இருந்தா, பொண்ணுக்குக் கர்ப்பத்துல சர்க்கரை வர வாய்ப்பு அதிகம். குழந்தை அவ்வளவு எடை போட்டதுக்கும் அதுவே காரணமா இருக்கலாம். அன்னிக்கே சொல்லியிருந்தா முதல்லயே டெஸ்ட் பண்ணியிருப்பேன்."

"பண்ணியிருந்தா?" என்றேன்.

"அதனாலதான் குழந்தை போச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா காப்பாத்தப் பாத்திருக்கலாம்."

வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். அப்பா கர்சீப்பால் முகத்தை அழுந்தத் துடைத்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"தங்கச்சிகிட்ட மட்டும் மூச்சு விடாதே. அவ மாமியார் ஒரு மாதிரி."

தங்கையும் உண்டாகியிருந்தாள், ஆறு மாதம்.

"அவளுக்கு அந்தக் குளுக்கோஸ் தண்ணி குடுத்துப் பாத்தாங்களா?"

"போன வாரம் சொன்னாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

ஒரு பேரப்பிள்ளையைப் புதைத்த மனுஷன் இதைச் சொல்கிறார். கை ஓங்கத் தோன்றியது. அதைவிட, இவரைப் போய் அப்பா என்று இத்தனை நாள் கூப்பிட்டோமே என்று அருவருப்பாக இருந்தது. போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். மாத்திரை, மெஷின், தாத்தா, அத்தைகள் என்று ஒன்று விடாமல் தங்கையிடம் சொன்னேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். உதறினேன்.

அப்பாவும் பக்கத்தில்தான் இருக்கிறார் என்றேன். "அப்பா, நிஜமா?" என்றாள் அவள்.

"லேசாதாம்மா" என்றார் அப்பா.

"அக்கா, நாளைக்குக் காலையில டெஸ்டுக்கு என்கூட வரியா?"

"வரேன்."

"நீ மட்டும் வா. அப்பாவைக் கூட்டிட்டு வராதே. இனிமே எதுக்குமே அவர் வேண்டாம்."

அப்பாவின் காதில் அது விழுந்தது. விழட்டும் என்றுதான் ஸ்பீக்கரை நான் அணைக்கவில்லை.