மாவாய் அரைத்த மாத்திரை

பெயிண்ட் கடையில் கலர் கலக்குகிறவருக்குத் தன் கைமேல் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, இல்லாததையா சொல்லிக்கொண்டார்? கலர்க்காரர் கரைத்த வாளியில் கட்டி தட்டியது என்று ஒரு பெயிண்டரும் திரும்பி வந்ததில்லை. அந்தக் கர்வத்தை வீட்டிலும் காட்ட வழி செய்தவர் அவருடைய மாமியார்.

மாமியார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கு அவர் விசிலம்மா. பழைய விசில் இன்னும் கழுத்தில் தொங்கியது. காபி வேண்டுமென்றால் ஒன்று, சீரியல் ஆரம்பித்துவிட்டால் இரண்டு என்று வீட்டையே பஸ்ஸாக ஓட்டிக்கொண்டிருந்தார். நெஞ்செரிச்சல் என்று டாக்டரிடம் போனபோது, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எழுதி, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

"மாத்திரை தொண்டையிலயே நிக்குது மாப்பிள்ளை. இறங்க மாட்டேங்குது" என்றார் விசிலம்மா முதல் நாளே.

"நான் எதுக்கு அத்தை இருக்கேன்?"

சாயங்காலமே மருந்து அரைக்கும் சின்னக் கல்வம் ஒன்று வந்துவிட்டது. மாத்திரையைப் போட்டு, முகப்பவுடர் பதத்துக்கு இழைத்து, தேனில் குழைத்து ஸ்பூனில் நீட்டினார். விசிலம்மா பூரித்துப் போனார். "பெத்த பிள்ளை செய்வானா இதை?" என்று எதிர்வீட்டுக்காரியிடம் அளந்தார். "எனக்குத் தலைவலின்னா மட்டும் வெந்நீர் வைக்க ஆளில்லை" என்று கலர்க்காரரின் மனைவி முணுமுணுத்தது யார் காதிலும் விழவில்லை.

எரிச்சல் என்னவோ போகவில்லை. இவ்வளவு நன்றாகக் கவனிக்கும்போது டாக்டர் எதற்கு என்று அவர்களும் போகவில்லை. பழைய சீட்டைக் காட்டியே இரண்டு மாதம் ஓடிவிட்டது.

ஒருநாள் மருந்துக் கடைப் பெண் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். "இன்னும் எரிச்சல் நிக்கலையா? காலையில சாப்பிடறதுக்கு முன்னாடி முழுசாத்தானே முழுங்கறாங்க?"

கலர்க்காரர் நிமிர்ந்து நின்றார். "முழுசாவா? மாவா அரைச்சில்ல தர்றேன். ஒரு துணுக்கு தட்டுப்படாது."

அவள் சிரிக்கவில்லை. "இந்த மாத்திரையை அரைக்கக் கூடாதுங்க. மேல ஒரு பூச்சு இருக்கு. வயித்து அமிலம் மருந்தைக் கெடுத்துடாம குடல் வரைக்கும் பத்திரமா கொண்டுபோறது அதுதான்."

மேல்பூச்சு இல்லாமல் வெளிச்சுவர் ஒரு மழைக்குத் தாங்காது என்று நாள் முழுக்க அடுத்தவருக்கு உபதேசம் செய்கிற மனிதர் அவர். அந்த மனிதர்தான் தினமும் உட்கார்ந்து பூச்சைப் பொடியாக்கியிருக்கிறார்.

"எதுக்கு அரைச்சீங்க?"

"அவங்களால முழுங்க முடியலை."

"அது டாக்டருக்குத் தெரியுமா? முழுங்கறதே கஷ்டம்னா முதல்ல அதைச் சொல்லணுங்க."

கலர்க்காரருக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ரொட்டியைப் பாலில் ஊறவைத்தது யார்? காய்கறியைக் கரண்டியால் மசித்தது யார்? இளைத்துப்போன மாமியாரின் ரவிக்கையை மனைவி இரண்டு முறை பிடித்துத் தைத்தாளே, அப்போதாவது புத்தி வந்ததா? அவர் பக்குவமாகக் குழைக்கக் குழைக்க, வீட்டில் ஒருவருக்கும் நோய் தெரியாமல் போயிருந்தது. பெரிய வியாதியாக இருந்துவிட்டால்?

டாக்டர் வேறு மருந்து மாற்றப்போகிறார் என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். வழியெல்லாம் அதைத்தான் யோசித்தார். வீட்டுக்கு வந்ததும் மாமியார் எதிரில் போய் உட்கார்ந்தார்.

"அத்தை, நான் தப்புப் பண்ணிட்டேன்" என்று ஒன்று விடாமல் சொன்னார்.

விசிலம்மா விசிலை விரலால் உருட்டினார். "சாப்பாடும் நெஞ்சுல நிக்குது மாப்பிள்ளை. நீங்க பார்த்துப் பார்த்துக் குழைச்சுத் தரும்போது எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன்."

மறுநாள் டாக்டர் கேட்பதற்கு முன்னால் கலர்க்காரரே எல்லாவற்றையும் கொட்டினார். தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அமிலம் நெடுநாளாக மேலேறிச் சுட்டதில் உணவுக்குழாய் தழும்பேறிச் சுருங்கியிருந்தது. சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்ததில் பயப்பட ஒன்றுமில்லை என்று வந்தபோது, மனைவி அவர் தோளில் சாய்ந்து அழுதாள். சுருக்கத்தை விரித்துவிட்டார்கள்.

"நல்லவேளை, வந்து சொன்னீங்க. இனிமே மாத்திரையை முழுசா முழுங்கலாம். எப்ப நிறுத்தறதுன்னு நான் சொல்வேன், நீங்களா நீட்டாதீங்க" என்றார் டாக்டர்.

வீடு திரும்பிய மறுநாள் காலை, விசிலம்மா மாத்திரையை நாக்கில் வைத்துத் தண்ணீர் குடித்தார். மகளும் மருமகனும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் நெஞ்சைத் தடவிப் பார்த்தார். பிறகு விசிலை எடுத்து, பஸ் கிளம்பலாம் என்கிற மாதிரி இரண்டு முறை நீளமாக ஊதினார்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரி வந்துவிட்டாள். "என்ன, இன்னைக்கு மாப்பிள்ளை அரைச்சுத் தரலையா?"

கலர்க்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அரைச்சதுதான் தப்பாம்" என்றார் விசிலம்மா, தெருக்கோடிக்குக் கேட்கிற குரலில். "அவரே வந்து எங்கிட்ட சொன்னார். டாக்டர்கிட்டயும் அவரேதான் சொன்னார். அதனாலதான் பிழைச்சுக் கிடக்கேன். பணிவிடை பண்ண எத்தனை பேர் வேணா வருவாங்கடி. பண்ணினது தப்புன்னு மாமியார் எதிர்ல உக்காந்து சொல்ல, உன் மாப்பிள்ளையை ஒரு தடவை வரச் சொல்லு, பார்க்கலாம்."

எதிர்வீட்டுக்காரிக்கு அடுப்பில் ஏதோ வைத்தது ஞாபகம் வந்துவிட்டது. கலர்க்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். அன்றைக்கு அவர் தெருவில் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.