அமிர்தவல்லி ஏறிய கண்ணாடி வண்டி

ராஜபாளையம் கிறிஸ்தவ சபையார் தங்கள் பிணங்களுக்கு மோட்டார் வண்டி செய்யத் தீர்மானித்தது 1938இல். உயிரோடிருந்த சபையாரில் முக்கால்வாசிப் பேர் அதுவரை மோட்டாரில் ஏறியதில்லை என்பதைக் கமிட்டியில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. கமிட்டித் தலைவர் ஞானரத்தினம் பஞ்சு வியாபாரி. சீமை கேட்லாக் ஒன்றில் அப்படியொரு வண்டியின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து, சாகாமலேயே அதில் ஏறிப்போக வழி உண்டா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்.

வேலை ஏசுவடியானிடம் வந்தது. பஸ்களுக்குக் கூடு கட்டுகிறவர். பழைய லாரியின் அடிச்சட்டத்தின் மேல் தேக்கில் கூடு எழுப்பி, மூன்று பக்கம் கண்ணாடி வைத்து, மூலைக்கொரு தேவதூதனைச் செதுக்கினார். தூதர்களின் கன்னம் தலைவரின் கன்னத்தைப் போலவே கொழுத்து வந்தது. செதுக்கும்போது அவர் பக்கத்திலேயே நின்றால் வேறென்ன வரும்? வேத வசனம் அரையங்குல எழுத்தில் இருந்தது. 'உபயம் ஞானரத்தினம்' மூன்றங்குலத்தில்.

"பெட்டி வைக்கிற பலகை எம்புட்டு நீளம் முதலாளி?"

"என் அளவுக்குப் போடும்வே. நாளைக்கு நானும் இதுலதான போகணும்."

தலைவர் ஆறடி இரண்டங்குலம். பலகை ஏழடி ஆயிற்று.

அதுவரை சபைக்கு இருந்தது தள்ளுவண்டி. இரும்புப் பட்டை போட்ட நாலு சக்கரம், மேலே கறுப்புச் சாயம் பூசிய பலகை, அவ்வளவுதான். தடுப்பு கிடையாது. பள்ளத்தில் இறங்கினால் பெட்டி சரியும் என்பதால் சொந்தக்காரர்கள் இருபுறமும் பிடித்துக்கொண்டே நடப்பார்கள். தலைமாட்டைப் பிடிப்பது புருஷனோ பெண்டாட்டியோ. கல்லறைவரை கையை எடுக்கக் கூடாது. தச்சன் தடுப்பு வைக்க மறந்ததில் பிறந்த வழக்கம் என்று ஏசுவடியான் கேலி செய்வார். தம் வண்டியில் யாரும் எதையும் பிடிக்க வேண்டியதில்லை என்று மனைவி அமிர்தவல்லியிடம் பெருமை பேசினார்.

"அப்ப கூட வர்றவிய கைய எங்க வச்சுக்கிடுவாவ?" என்றாள் அவள்.

"பைக்குள்ள வச்சுக்கிடட்டும்."

வண்டி முடிந்த மூன்றாம் நாள், சபையில் விறகு வெட்டிப் பிழைத்த தவசிமுத்து செத்துப்போனார். திறப்பு விழாவுக்கு இந்தப் பிணம் எடுபடாது என்று கமிட்டி கருதியது. அவர் தள்ளுவண்டியிலேயே போய்ச் சேர்ந்தார்.

அடுத்தது அமிர்தவல்லி. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் காய்ச்சலில் கிடந்து, காலை ஏழு மணிக்கு அடங்கினாள். வண்டி செய்தவரின் மனைவியே முதல் பிரயாணி என்றதும் தலைவருக்குப் பிரசங்கம் தானாக வந்து விழுந்தது. பத்து மணிக்கெல்லாம் வண்டியோடு வந்து இறங்கிவிட்டார்.

பெட்டியை உள்ளே தள்ளியபோதுதான் ஏசுவடியானுக்கு உறைத்தது. அமிர்தவல்லி குள்ளம். பெட்டி ஐந்தடிதான். ஏழடிப் பலகையில் அது அண்டாவுக்குள் போட்ட கரண்டியாகக் கிடந்தது. அவரே தேய்த்து மெருகேற்றிய பலகை, விரலால் தொட்டாலே வழுக்கியது. வண்டிப்பேட்டைக்கு ஓடிப்போய் இரண்டு கட்டு வைக்கோல் வாங்கிவந்து தலைமாட்டில் திணித்தார்.

தலைவர் அதைத் தம் கையாலேயே இழுத்து வெளியே போட்டார். "என்னவே இது, மாட்டுத் தொழுவம் மாதிரி?"

ஆண்டவர் பிறந்த இடம் அதுதான் என்று அவருக்கு நினைவுபடுத்த அங்கே யாருமில்லை.

"அப்ப நான் உள்ள உக்காந்து பிடிச்சுக்கிடுதேன் முதலாளி."

"உசுரோட ஒருத்தன் கண்ணாடிக்குள்ள உக்காந்து வந்தா ரோட்டுல பாக்கிறவன் என்ன நினைப்பான்? பின்னாலயே பஸ்ல வாரும். உமக்காகக் காத்திருக்க மாட்டமா?"

"டிரைவர் பக்கத்துல இருக்கட்டுமா?"

அந்த இடத்தில் தலைவரின் தலைப்பாகை ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.

ஏசுவடியான் டிரைவரின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். "ஏலே மாரிச்சாமி, மெதுவாப் போ. அவ ஆடக் கூடாது."

"நடத்திக் கூட்டிட்டுப் போற மாதிரி போறேன் அண்ணாச்சி."

பஸ் ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தது. அவர் ராஜபாளையம் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மண்ணைக் குவித்து மேடு கட்டி முடித்திருந்தார்கள். கண்ணாடிக்குள் வெயில் ஏறி மாலையெல்லாம் வதங்கிவிட்டதாம். இனி வைத்திருக்க முடியாது என்று தலைவர் சொல்லிவிட்டாராம். செத்த நேரம் பொறுக்கலாமே என்று போதகர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாராம்.

"இருபதே நிமிஷம் ஏசுவடியான்," என்றார் தலைவர். "சீமை வண்டி தோத்துப்போகும்."

ஏசுவடியான் அவரைத் தாண்டி நடந்தார். மாரிச்சாமி வண்டிக்குப் பின்னால் நின்று, சுத்தமாக இருந்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தான்.

"பெட்டி ஆடுச்சா?"

"முதலாளி மிதி மிதின்னாரு அண்ணாச்சி."

"அதக் கேக்கல. முட்டுச்சா?"

அவன் துணியை நாலாக மடித்தான். "ரெண்டு தடவ."

"எந்தப் பக்கம்?"

மாரிச்சாமி கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கினான். ஏசுவடியான் உள்ளே தவழ்ந்து போனார். தலைமாட்டுத் தேக்குச் சுவரில் மெருகு தெறித்து, உள்மரம் வெளிறித் தெரிந்தது. முட்டிய தடங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். ஆறு இருந்தன. மாரிச்சாமி குறைத்துச் சொல்லியிருந்தான்.

அந்தக் கூட்டுக்குள்ளிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுச் சபையார் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர் வந்து குனிந்து பார்த்தார். தேக்குப் பலகையையும் பார்த்தார்.

"பாலிஷ்தானவே போயிருக்கு," என்றார் ஆறுதலாக. "இதுக்குப் போய் அழுவாவளா?"