பாத்திமாவின் எட்டு கிலோ

திண்டுக்கல் மரியநாதபுரத்தில் பாத்திமா என்று விசாரித்தால் எந்தப் பாத்திமா என்று திருப்பிக் கேட்பார்கள். கிறிஸ்தவர்கள் நிறைந்த பகுதி; பாத்திமா மாதாவின் பெயரில் தெருவுக்கு இரண்டு பேர் உண்டு. பெண்கள் பள்ளிக்கூடத்துக் கிளார்க் பாத்திமா என்றால் மட்டும் உடனே கை காட்டிவிடுவார்கள். லீவ் லெட்டரில் அப்பா கையெழுத்தை மகளே போட்டிருந்தால், தாளைக் கையில் வாங்குவதற்கு முன்னாலேயே பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாள். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. யார் எதைச் சொன்னாலும் முதல் தடவையிலேயே நம்பும் பழக்கம் அவளுக்கு எப்போதோ விட்டுப் போயிருந்தது.

அவளுக்கு வயது நாற்பத்தேழு, எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. பள்ளிக்கூடத்தின் பதினாலு படியை ஏறி முடிக்க இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. சர்க்கரை மாத்திரை ஒன்றிலிருந்து மூன்றாகியிருந்தது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. கடைசியில் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்யலாம் என்றார் டாக்டர். ஆனால் அதற்கு முன்னால் நாலு வாரத்தில் எட்டு கிலோ குறைத்துவிட்டு வரச் சொன்னார்.

பாத்திமாவுக்கு அது அங்கேயே இடித்தது.

"குறைக்கத் தெரிஞ்சவ எதுக்கு சார் உங்ககிட்ட வாரேன்?"

டாக்டர் சிரித்துவிட்டு, ஸ்கேன் படத்தைத் திருப்பிக் காட்டினார். "உங்க கல்லீரல்ல கொழுப்பு கட்டி ஊதிக் கிடக்குது. இரைப்பைக்கு மேல போர்வை மாதிரி மூடியிருக்கு. அது கொஞ்சம் சுருங்குனாத்தான் என்னால உள்ள பார்த்துப் பத்திரமா வேலை செய்ய முடியும்."

வேளைக்கு ஒரு டம்ளர் தண்ணீரில் புரதப் பவுடர், மத்தியானம் ஒரு கிண்ணம் வேகவைத்த காய். சோறு, இட்லி, பழம், சீனி எதுவும் கூடாது. அந்த ஆஸ்பத்திரிக்குத் திண்டுக்கல் பழனி ரோட்டில் ஒரு கிளினிக் இருந்தது. அங்கே சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் அறிவுச்செல்வி என்ற பெண்ணுக்கு, சனிக்கிழமைதோறும் எடை மிஷினைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். மூன்று வாரம் முடிந்ததும் நேரில் போய் நிற்க வேண்டும்.

எடை மிஷினுக்கு அவள் எங்கேயும் அலைய வேண்டியதில்லை. புருஷன் மரியராஜுக்குத் தொழிலே அதுதான். மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் தராசு ரிப்பேர் கடை. வெங்காய மண்டித் தராசு முதல் பூக்கடைத் தராசு வரைக்கும் அவர் கைக்கு வந்துதான் சரியாகும். மூட்டை நிறுக்கும் எலக்ட்ரானிக் மிஷின் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து ஹாலில் வைத்தார். முதல் நாள் நூற்றுப் பதினெட்டு கிலோ நூறு கிராம் காட்டியது. ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்ததும் அதே எடைதான்.

ஆபரேஷனைப் பற்றி மரியராஜ் அதிகம் பேசவில்லை. கேட்டால், "மொதல்ல எட எறங்கட்டும், பாப்போம்" என்பார்.

முதல் வாரம் பாத்திமாவுக்குத் தலை சுற்றியது, கோபம் கோபமாக வந்தது. பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் ஜன்னலை அடைத்துக்கொண்டாள். சனிக்கிழமை மிஷினில் ஏறினால் நூற்றுப் பதினைந்து தொள்ளாயிரம். அவளுக்கே நம்ப முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை நூற்றுப் பதினாலு. இப்படியே போனால் எட்டு கிலோ என்ன, பத்தே குறைத்துவிடலாம் என்ற தெம்பு வந்துவிட்டது. அந்தத் தெம்பில்தான் பள்ளிக்கூடத்தில் ரோஸ்மேரி டீச்சர் டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டிய உளுந்த வடையில் ஒன்றை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கறிக்குழம்பு ஊற்றி இரண்டு கரண்டி சோறும் சாப்பிட்டாள். அப்படியும் மூன்றாவது சனிக்கிழமை மிஷின் நூற்றுப் பன்னிரண்டு முந்நூறு காட்டியது.

அன்றைக்கே கிளினிக்குக்குப் போய் ஏறி நின்றாள். நூற்றுப் பதினாறு இருநூறு.

அறிவுச்செல்வி ஒரு தடவை எண்ணைப் பார்த்தாள், ஒரு தடவை செல்போனில் இருந்த போட்டோவைப் பார்த்தாள். இறங்கச் சொல்லி மறுபடி ஏற்றினாள். அதே எண்.

"அக்கா, மறைக்காம சொல்லுங்க. போட்டோ எடுக்கையில சுவத்தப் புடிச்சுக்கிட்டா நின்னீங்க?"

பாத்திமாவுக்கு முகமெல்லாம் சுட்டது. எத்தனை பிள்ளைகளை மேஜைக்கு முன்னால் நிறுத்தி இதே குரலில் கேட்டிருப்பாள். "உங்க மிஷினப் பாரும்மா மொதல்ல" என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே வந்தாள். குறித்திருந்த ஆபரேஷன் தேதி தள்ளிப் போய்விட்டதாகச் சாயங்காலம் போனில் தகவல் வந்தது.

ரோஸ்மேரி டீச்சரிடம் போனில் இதைச் சொன்னதும் அவள் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள். "எறங்கலன்னு சொன்னாத்தானே இன்னும் நாலு டப்பா பவுடர உன் தலையில கட்டலாம்? மிஷினத் திருகி வச்சிருப்பாளுக. உன் வீட்டுக்காரரக் கூட்டிப் போயி செக் பண்ணு, குட்டு வெளிப்பட்டுரும்."

அது சரியான யோசனையாகத்தான் பட்டது. மறுநாள் காலையில் மரியராஜ் சவரம் செய்துகொண்டிருந்தபோது சொன்னாள்.

"ஏங்க, நாளைக்குக் கிளினிக் வரைக்கும் ஒரு எட்டு வாங்க. உங்க எடைக்கல்லப் போட்டு அந்த மிஷினச் சோதிக்கணும்."

அவர் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்காமலே, "அதெல்லாம் சீல் வச்ச மிஷினா இருக்கும். நாம போயி கை வச்சா வம்பு" என்றார்.

"கை வைக்க வேணாம். கல்லத் தூக்கி மேல வச்சுப் பாத்தா என்ன வம்பு?"

"ஆஸ்பத்திரிக்காரனோட நமக்கென்ன மல்லுக்கட்டு? விடு பாத்திமா. ஆபரேஷன் தள்ளிப் போனதும் ஒரு நல்லதுக்குத்தான்னு நெனச்சுக்க."

பாத்திமா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். தள்ளுவண்டியில் தக்காளி விற்பவரின் தராசு இருபது கிராம் முன்னே பின்னே இருந்தால்கூட, கேட்காமலே குனிந்து சரி செய்துவிட்டு வருகிற மனுஷன். இவருக்கு ஒரு மிஷினைச் சோதிக்கப் பயமா? கழுத்தடியில் நுரை காய்ந்துகொண்டிருந்தது, அதைக்கூட வழிக்காமல் அவர் குழாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். தப்பு செய்த பிள்ளைகள் மேஜைக்கு முன்னால் தாவணி நுனியைத் திருகுவது அவளுக்கு நினைவு வந்தது.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டாள். மரியராஜ் கடைக்குக் கிளம்பிப் போனதும், கட்டிலுக்கு அடியில் அவர் வைத்திருக்கும் எடைக்கற்களில் அரசாங்க முத்திரை குத்திய பத்து கிலோ இரும்புக் கல்லை இழுத்து ஒரு கட்டைப்பையில் போட்டாள். தெருமுனைக்கு நடப்பதற்குள் மூன்று தடவை பையைக் கீழே வைத்து முட்டியைப் பிடித்துக்கொண்டாள். ஷேர் ஆட்டோவில் பக்கத்திலிருந்த அம்மா, "பையில என்ன, அரிசியா?" என்று கேட்டாள். "ஆமா" என்றாள் பாத்திமா.

கிளினிக்கில் அறிவுச்செல்வி தடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பாத்திமா மூச்சைப் பிடித்துக் கல்லைத் தூக்கி மிஷின் மேல் வைத்தாள்.

பத்து கிலோ. ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கல்லை ஓரத்தில் வைத்துப் பார்த்தாள், நடுவில் வைத்துப் பார்த்தாள். பத்துதான். பிறகு தானும் ஏறினாள். எந்த மாற்றமும் இல்லை.

"தண்ணி குடிக்கிறீங்களாக்கா?" என்று கேட்டாள் அறிவுச்செல்வி. அவள் குரலில் இப்போது குத்தல் இல்லை. பாத்திமா வேண்டாமென்று தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் சேலையைக்கூட மாற்றாமல் அதே கல்லை ஹாலில் இருந்த மிஷின் மேல் வைத்தாள். ஒன்பது கிலோ அறுநூற்றைம்பது.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பத்து கிலோவுக்கு முந்நூற்றைம்பது கிராம் போனால் நூற்றுப் பதினாறுக்கு எவ்வளவு போகும்? பள்ளிக்கூடச் சம்பளப் பட்டியல் போடுகிறவளுக்கு அது கஷ்டமான கணக்கில்லை. நாலு கிலோ. அந்த நாலு கிலோவும் இந்த ஹாலில் இருந்தே காணாமல் போயிருக்கிறது. மிஷினைத் திறந்து திருகத் தெரிந்த ஆள் இந்த வீட்டில் ஒருவர்தான்.

அடுத்த நினைப்பு அதைவிட மோசமாக வந்தது. காலையில் பவுடரைக் கலக்கிக் கொடுப்பதும் அவர்தானே? அடுப்படிக்குப் போய் டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். இனிப்பாகத்தான் இருந்தது. வாங்கின நாளிலும் இப்படித்தான் இருந்ததா, இல்லை சீனி கலந்திருக்கிறதா? நினைவில்லை. மறுபடி வைத்துப் பார்த்தாள். டப்பாவைக் கொண்டுபோய்ப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

ஒன்றரை மணிக்கு மரியராஜ் சாப்பிட வந்தார். ஹாலில் மிஷின் மேல் கல் உட்கார்ந்திருந்தது. சிவப்பு எழுத்தில் எண் எரிந்துகொண்டிருந்தது. அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"எத்தன தடவ திருகுனீங்க?"

அவர் செருப்பைக் கழற்றக் குனிந்தார்.

"கேக்குறேன்ல?"

"மூணு தடவ. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம, நீ பள்ளிக்கூடம் போன பெறகு."

"பவுடர்ல என்ன கலந்தீங்க?"

"மாதா சத்தியமா அதுல கை வைக்கல பாத்திமா. உன் சாப்பாட்டுல நான் கை வைப்பேனா?"

"இதுல வச்சிருக்கீங்கள்ல?"

அவர் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். "மொத வாரம் நீ பட்டினி கெடந்து கெடந்து ஒரு கிலோதான் எறங்கியிருக்கும்னு பட்டுச்சு. அதப் பாத்தா மனசு விட்டுருவியேன்னுதான் எடயக் கொஞ்சம் கொறச்சுக் காட்டுனேன்."

இதைச் சொல்லும்போது அவர் கண் அவள் பக்கம் வரவில்லை. பாதி உண்மை எப்படி இருக்கும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"அது மொத வாரத்துக்கு. மத்த ரெண்டு வாரம்?"

"எங்கக்காவ ஆபரேஷனுக்கு உள்ள கொண்டு போகையில, மத்தியானம் ரசஞ்சோறு கேப்பேன், வச்சிருன்னு சொல்லிட்டுப் போச்சு. திரும்பிப் பேசவே இல்ல. மயக்க ஊசியிலேயே போயிருச்சு. உன்னையும் அப்படிக் கொண்டு போயி விடச் சொல்றியா? நீ வடை தின்னது தெரியும். எட எறங்குதுன்னு நீ தெம்பா தின்னா, அங்க போயி எறங்கலன்னு ஆகும். டாக்டரே வேணாம்னு சொல்லிருவாருன்னு நெனச்சேன்."

அவருடைய அக்கா லூர்துமேரி மதினி கர்ப்பப்பை ஆபரேஷனில் இறந்து எட்டு வருஷமாகிறது. அன்றைக்கு இவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் அழாமல் நின்றது பாத்திமாவுக்கு ஞாபகம் இருந்தது. மனசு இளகத்தான் செய்தது. ஆனாலும் கோபம் அதற்கு மேல் நின்றது.

"வேணாம்னா என் மூஞ்சியப் பாத்து வேணாம்னு சொல்லியிருக்கணும். அந்தச் சின்னப் புள்ள முன்னால நான் திருடி மாதிரி நின்னேன். நைட்டு மூச்சு நின்னு எந்திரிக்கிறது நானு. ஆபரேஷன் பண்ணாட்டி மட்டும் நான் நூறு வயசு இருப்பேனா?"

அவர் எழுந்து, திருப்புளியை எடுத்து மிஷினைக் கழற்றினார். அவள் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். பத்து கிலோ பத்தாகக் காட்டும் வரைக்கும் அவரை எழுந்திருக்க விடவில்லை.

அடுத்த மூன்று வாரம் வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. பவுடர் டப்பாவின் சாவி அவள் இடுப்பில் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் மிஷினின் திருகாணி மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டித் தேதி போட்டுக் கையெழுத்திட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனாள். சாயங்காலம் வந்து தாள் கிழிந்திருக்கிறதா என்று பார்த்தாள். கிழியவில்லை. அப்படியும் கிளினிக்கில் ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினாள். ரோஸ்மேரி டீச்சரின் டிபன் பாக்ஸ் பக்கம் போகவே இல்லை. எண் மெதுவாகத்தான் இறங்கியது; ஒரு வாரம் ஒன்று தொள்ளாயிரம், ஒரு வாரம் ஒன்று எண்ணூறு. ஆனால் ஒவ்வொரு கிராமும் அவளுடையது.

மரியராஜும் சும்மா இருக்கவில்லை. இரண்டாவது வாரம், அவளிடம் சொல்லாமல் மதுரைக்குப் போய் டாக்டரைப் பார்த்திருக்கிறார். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரையும் பார்த்து, அக்காவின் பழைய சீட்டுகளைக் காட்டி அரை மணி நேரம் கேள்வி கேட்டிருக்கிறார். இது அறிவுச்செல்வி சொல்லித்தான் பாத்திமாவுக்குத் தெரிந்தது. கேட்டவுடன் அவளுக்கு முதலில் வந்த நினைப்பு, ஆபரேஷனைக் கலைக்கப் போயிருப்பாரோ என்பதுதான். "இல்லக்கா, எப்படிப் பத்திரமா செய்யுறதுன்னுதான் கேட்டாராம்" என்றாள் அறிவுச்செல்வி. அதற்குப் பிறகுதான் அவருக்கு ரசத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பூண்டு தட்டிப் போட ஆரம்பித்தாள்.

கடைசி எடை நூற்றுப் பத்து எழுநூறு. எட்டு முழுசாக ஆகவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், கல்லீரல் நன்றாகச் சுருங்கியிருக்கிறது, இது போதும் என்றார்.

ஆபரேஷன் அன்று காலையில் சம்மதப் படிவத்தில் புருஷன் கையெழுத்துக் கேட்டார்கள். மரியராஜ் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். பேனாவை எடுத்தார், வைத்தார். கட்டிலில் படுத்திருந்த பாத்திமா அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். போட மாட்டார் என்றே நினைத்தாள். அவர் போட்டார். எழுத்து கோணலாக இருந்தாலும் அவர் கையெழுத்துதான்.

உள்ளே போனவள் இரண்டரை மணி நேரத்தில் வெளியே வந்தாள். சிக்கல் ஒன்றும் இல்லை. மறுநாள் சின்ன மூடியில் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், கால் மணிக்கு ஒரு மூடி. மரியராஜ் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாத்திமா, ஒண்ணு சொல்லணும். நேத்து உன்ன உள்ள கொண்டு போனதும் நான் இங்க இல்ல. இருக்க முடியல. ஆரப்பாளையத்துல திண்டுக்கல் பஸ்ஸுல ஏறி உக்காந்துட்டேன். சமயநல்லூர்ல எறங்கி, அடுத்த பஸ் புடிச்சுத் திரும்பி வந்தேன்."

நர்ஸ்கள் உட்பட யாரும் அவளிடம் இதைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பாத்திமாவுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் தையல் இழுத்தது. வயிற்றைக் கையால் அமுக்கிக்கொண்டாள்.

"அடுத்து வர்ற வாடிப்பட்டி வரைக்குமாச்சும் போயிருக்கலாம்ல" என்றாள். "தண்ணிய ஊத்துங்க. கால் மணி ஆயிருச்சு."