முவைலாக் காட்டுக்கு ஏற்ற துப்பாக்கி

1975ஆம் ஆண்டு மார்ச் மாதத்து இரண்டாம் வியாழக்கிழமை, ஷார்ஜாவை அடுத்த முவைலாவில், பைப்புகள் அடுக்கியிருந்த கம்பெனி யார்டுக்குள் ஒரு காடு நின்றது. முந்தின நாள் மாலை அங்கே மணலும் பைப்பும்தான் இருந்தன. காட்டின் நீளம் அறுநூறு அடி, அகலம் நானூறு. வேங்கையும் கடுக்காயும் புங்கனும், நடுவில் ஆள் பக்கவாட்டில் நுழைய வேண்டிய மூங்கில். மழை எதுவும் பெய்திருக்கவில்லை. ஸ்டோர்கீப்பர் கலீலுர் ரஹ்மான் கீழக்கரைக்காரர், வேலையில் சுத்தமானவர். பைப்புகளை எண்ணிக் குறைவில்லை என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் "மரம், எண்ணவில்லை. புள்ளிமான், ஏழு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கேம்ப்பில் நூற்று நாற்பது பேர் இருந்தார்கள். அந்த மாதம் முழுக்க மதியச் சோற்றை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார்கள். சைட்டில் மயங்கி விழுபவர்கள் இல்லாமல் போனார்கள். செய்தி அர்பாப்புக்குப் போயிற்று. கம்பெனி முதலாளியை எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். எல்லோருடைய பாஸ்போர்ட்டும் அவருடைய இரும்புப் பெட்டியில் இருந்தது. அவர் கெட்ட மனிதர் அல்ல, வேட்டையில் பைத்தியம். பாலைவனத்தில் ஜீப்பில் நின்றபடி, தொலைநோக்கி பொருத்திய நீள ரைஃபிளால் கண்ணுக்கு எட்டாத மானைச் சுட்டு வீழ்த்துகிறவர். அதே ரைஃபிளோடு மூன்று வெள்ளிக்கிழமை காட்டுக்குள் போனார். குழல் மூங்கிலில் சிக்கியது. தொலைநோக்கிக்குள் ஒரே ஒரு இலை தாம்பாளம் போலத் தெரிந்தது. கடைசி நாள் சுட்ட குண்டு ஒரு சுள்ளியில் உரசித் திசைமாறி கேம்ப்பின் தண்ணீர்த் தொட்டியைத் துளைத்தது. மறுநாளே காட்டைச் சுற்றிச் சுவர் எழுப்ப உத்தரவு வந்தது. சுவரைக் கட்டியவர்களும் அந்த நூற்று நாற்பது பேர்தான். அதன்பின் அவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை.

காடு தெரிந்த ஆள் யாராவது உண்டா என்று மேனேஜர் அனந்தகிருஷ்ணன் கேம்ப்பில் விசாரித்தார். அவர் திருச்சிக்காரர், மனைவி வசந்தகுமாரியோடு ஷார்ஜாவில் ஃபிளாட்டில் இருந்தார். ஹெல்பர் கார்மேகத்தைக் கைகாட்டினார்கள். போடி மலைக்குக் கீழே பிறந்தவன், முப்பத்தொரு வயது. ஏலத்தோட்ட முதலாளிகளுக்குப் பதினோரு வருடம் மான் விரட்டியும் துப்பாக்கி சுமந்தும் கொடுத்தவன். வேட்டைக்குத் தடை வந்ததும் அங்கே அவனுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அப்படித்தான் சிமெண்ட் கலக்க இங்கே வந்தான். அவனுடைய இரண்டு வருட ஒப்பந்தம் போன மாதமே முடிந்திருந்தது. மனைவி பூவாயிக்கு வயிற்றில் கட்டி, தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், ஒருதரம் வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்கிறாள் என்று கடிதம் வந்திருந்தது. லீவு கேட்டு நான்குமுறை ஆளைப் பிடித்து எழுதி வாங்கிக் கொடுத்திருந்தான்.

"அந்தக் காட்டுக்குத் தோதா ஒரு துப்பாக்கிய நீ தேர்ந்தெடுத்துக் குடு. ஏழு மானும் முடிஞ்சா லீவு. அர்பாப் வாக்கு குடுத்திருக்கார்ப்பா" என்றார் அனந்தகிருஷ்ணன்.

துபாய் தேராவில் ஒரு துப்பாக்கிக் கடைக்கு அர்பாப்போடு மூவரும் போனார்கள். கடைக்காரர் பத்தொன்பது ரைஃபிள்களை வரிசையாகப் படுக்க வைத்தார். அர்பாப்பின் கை வெள்ளிப் பூண் போட்ட ஒன்றின் மேல் போயிற்று. கார்மேகம் வேண்டாம் என்று தலையசைத்தான். முதலாளி முன்னால் அவன் தலை அப்படி அசைந்தது அதுவே முதல்முறை.

"காட்டுல மானு இந்தா இருக்கு அந்தாருக்குங்கிற தூரத்துலதான் நிக்கும் சார். பாக்குறதுக்கும் சுடுறதுக்கும் நடுவுல நேரமே இருக்காது."

அவன் எடுத்தது வரிசையிலேயே குட்டையானது. குழல் மூன்று சாணுக்குக் குறைவு, கொடியில் மாட்டாது. தொலைநோக்கி இல்லை, நுனியில் ஒரு பித்தளைக் குமிழ் மட்டும். தோட்டா கனமானது, மூக்கு மழுங்கியது, மெதுவாகப் போவது. சுள்ளி குறுக்கிட்டாலும் சட்டென்று விலகாது என்றான். விசைக்குக் கீழே இருந்த வளையத்தைத் தள்ளி இழுத்தால், தோளிலிருந்து இறக்காமலே அடுத்த தோட்டா ஏறியது. பிறகு அர்பாப்பைக் கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கிக் கட்டையைத் தோளுக்கு ஏற்றச் சொன்னான். கண்ணைத் திறந்தால் குமிழ் தானாகக் குறிக்கு நேரே நிற்க வேண்டும். நிற்கவில்லை. கட்டையில் ஒரு விரல்கடை அறுக்கச் சொன்னான். பத்தாவது தடவை நின்றது. மோசமான ஒன்றை எடுத்துக் கொடுத்து அந்த மான்களைக் காப்பாற்றியிருக்கலாம் என்பது அவனுக்குத் தெரியும். ஏழு வெள்ளிக்கிழமையில் முடிந்துவிடும் என்று மட்டும் அன்று நினைத்தான்.

முதல் வெள்ளிக்கிழமை காலை நாற்பதடியில் ஒரு பெட்டைமான் நின்றது. ஒரே குண்டு, முன்னங்காலுக்குப் பின்னே. மான் ஓடக்கூட இல்லை. இறைச்சி அர்பாப் வீட்டுக்குப் போயிற்று, ஒரு தொடை கேம்ப்புக்கு வந்தது. சனிக்கிழமை கலீலுர் ரஹ்மான் எண்ணினார். ஏழு. தன் கணக்கில்தான் பிசகு என்று எண்ணி மறுபடி எண்ணினார். அடுத்த வாரமும் ஒன்று விழுந்தது, அடுத்த நாளும் ஏழுதான். மூன்றாம் சனிக்கிழமை கார்மேகமே உள்ளே போனான். முதல் வாரத்துப் பெட்டைமான் மூங்கிலடியில் மேய்ந்துகொண்டிருந்தது. முன்னங்காலுக்குப் பின்னே ரூபாய் அகலத்துக்கு ஆறிய வடு. அவனை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டது.

அனந்தகிருஷ்ணன் இதை அர்பாப்பிடம் சொன்னார். தீராத வேட்டை தனக்கு வாய்த்திருப்பது புரிந்ததும் அர்பாப்பின் முகம் மலர்ந்தது. பேச்சு பேச்சுதான், ஏழும் முடியட்டும் என்றார். "மாஃபி கலாஸ்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

பதினைந்தாம் வெள்ளிக்கிழமை மதியம் கார்மேகம் ஊர்க்கடிதத்தை எடுத்துக்கொண்டு ஃபிளாட்டுக்குப் போனான். எழுதப் படிக்கத் தெரியாத கேம்ப் ஆட்களுக்கு வசந்தகுமாரிதான் வாசலில் நின்று படித்துச் சொல்வாள். அன்று முதல் வரியோடு நிறுத்திவிட்டு உள்ளே போய்க் கணவரைக் கூப்பிட்டாள். அவர் வருவதற்குள் கார்மேகம் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தான். பூவாயி இறந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அவள் அண்ணன் கொள்ளி வைத்தான். பிள்ளை கிடையாது.

மறுநாள் அர்பாப் தானே கேம்ப்புக்கு வந்தார். இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்த பாஸ்போர்ட்டைக் கார்மேகத்தின் கையில் வைத்து, போய் வா, டிக்கெட் என்னுடையது என்றார். கார்மேகம் அதைப் பிரித்துத் தன் படத்தைப் பார்த்தான்.

"இப்ப எதுக்கு சார். அவ கூப்புட்டப்ப குடுத்திருக்கலாம்ல."

என்ன சொல்கிறான் என்று அர்பாப் கேட்டார். நன்றி சொல்கிறான் என்றார் அனந்தகிருஷ்ணன். அந்த மொழிபெயர்ப்புக்குப் பிறகு அவர் கார்மேகத்தின் ரூம் பக்கம் போவதில்லை, ஆளனுப்பித்தான் கூப்பிட்டார். பாஸ்போர்ட் அன்று மாலையே இரும்புப் பெட்டிக்குத் திரும்பியது. கார்மேகமே கொண்டுபோய்க் கொடுத்தான்.

1978இல் குழல் தேய்ந்து குறி விலகத் தொடங்கியது. புதிது தேர்ந்தெடுக்க மறுபடியும் தேராவுக்குப் போனார்கள். அர்பாப் காரில் இருந்தபோது, இந்தத் தடவை நீளமாக, ஒன்றுக்கும் உதவாததாகப் பார்த்து எடுத்துவிடு, அவருக்கும் சலித்துப்போகும் என்று அனந்தகிருஷ்ணன் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"தப்பான துப்பாக்கின்னா மானு குண்டோட துடிச்சுக்கிட்டுக் கெடக்கும் சார். திரும்ப எந்திரிக்கும்னாலும் அன்னைக்கு வலிக்கத்தான செய்யும்."

அவன் முன்னது போலவே குட்டையான ஒன்றை எடுத்தான், கட்டையில் ஒரு விரல்கடை அறுக்கச் சொன்னான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரே குண்டில் முடிந்தது.

அடுத்த வருடம் யார்டுக்குள் என்ன இருக்கிறது என்று நகராட்சி ஒரு படிவம் அனுப்பியது. அதில் காட்டுக்கென்று இடம் இல்லாததால் அனந்தகிருஷ்ணன் "ஸ்டோர்" என்று எழுதினார், முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் முதல் வாரம் சுவரை எட்டிப் பார்த்து, அது என்ன என்று கேட்டார்கள். காடு என்று மற்றவர்கள் சொன்னார்கள். அப்புறம் யாரும் கேட்கவில்லை. சுவரை ஒட்டி நின்ற டூட்டி பஸ்ஸில் மர நிழல் விழுகிற பக்கத்து ஜன்னலுக்கு மட்டும் தினமும் அடிபிடி நடந்தது.