எழுந்திருக்காத அதிகாரி

முப்பது வருடம் வேலைக்கு ஆள் எடுக்கும் பிரிவில் குப்பை கொட்டியவர், ஓய்வுபெற்ற பிறகு தனக்கொரு உடற்பயிற்சியாளர் தேடுவதையும் நேர்காணலாகவே நடத்தினார். யார் வந்தாலும் சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. அதிகாரி என்றால் அப்படித்தான் என்று வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

முதலில் வந்தவன் புஜத்தை மடக்கிக் காட்டி, "மூணே மாசத்துல உங்களுக்கும் இப்படி ஆக்கிடறேன் சார்" என்றான். அடுத்தவன் முட்டி வலி உண்டா என்றுகூடக் கேட்காமல் குதிக்கிற கயிற்றை நீட்டினான். இருவரையும் உட்கார்ந்த வாக்கிலேயே அனுப்பிவைத்தார்.

மூன்றாவதாக வந்த பெண், அவரைப் பேசவிடாமல் தானே கேள்வி கேட்டாள். "எந்த வேலை செய்யக் கஷ்டமா இருக்கு சார்?"

"ஒண்ணுமில்லம்மா. கல்லு மாதிரி இருக்கேன்."

"சந்தோஷம். அப்போ வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புங்க, பார்ப்போம்."

அதிகாரி கையை ஊன்றினார். முன்னே ஆடினார், பின்னே ஆடினார். சோபா அவரை விடுவதாக இல்லை. வேறு வழியில்லாமல் சமையலறைப் பக்கம் திரும்பி லேசாக இருமினார்.

மனைவி ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள். காலை அகட்டி நின்று, ஒரே இழுப்பில் அவரைத் தூக்கி நிறுத்தினாள்.

அந்தப் பெண் மனைவியின் பக்கம் திரும்பினாள். "நீங்க எந்த ஜிம்முக்கும்மா போறீங்க?"

"ஜிம்மாவது ஒண்ணாவது! இவரைத்தான் ஒரு நாளைக்குப் பதினஞ்சு தடவை தூக்கறேன். நீ நாளைக்கே வேலையில சேர்ந்துடும்மா!"