ராணி ஆத்மநாதனின் தலைக்கட்டு

ஒன்பது வயதில் ராணியாகி, பதினான்கு வயதில் அந்தப் பதவியை இழந்தவன் ஆத்மநாதன். இழந்து எத்தனையோ வருஷமாகியும் ஊரில் அவனுக்கு ராணி என்றுதான் பெயர். முகத்தில் மீசை இருந்தது, உள்ளங்கையில் ஏர் பிடித்துக் காய்த்த காய்ப்பு இருந்தது. இருந்து என்ன செய்ய? களத்துமேட்டில் அவன் தலை தெரிந்தால் போதும், "ராணி வாரா, ஒதுங்குங்கப்பா" என்று ராக்கன் குரல் கொடுப்பான். ராக்கன் அவனுக்கு மச்சான் முறை. மச்சான் கேலி செய்தால் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

வல்லத்திராக்கோட்டையை ஒட்டிய மேலக்குடி அவன் ஊர். தகப்பன் இல்லாத பிள்ளை. கோயில் வாசலில் அவன் பாடியதைக் கேட்ட நாடகக் கம்பெனி ஏஜெண்ட் ஒருவர், வேளா வேளைக்குச் சோறும் வருஷத்துக்கு இரண்டு வேட்டியும் தருவதாக அவன் ஆத்தா மூக்காயியிடம் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார். அவள் சம்மதித்தது சோற்றுக்காகத்தான். கலையை வளர்க்கும் எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லை.

அது பாய்ஸ் கம்பெனி. ராஜா, ராணி, தோழி, தாதி எல்லாம் பையன்கள். ஆத்மநாதன் பட்டுப்புடவை கட்டி, பிள்ளையைப் பறிகொடுத்த ராணியாக நின்று புலம்பினால் முன்வரிசைச் செட்டியார்கள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். புகழ் வந்தது, கூடவே வம்பும் வந்தது. பத்தாம் வயதில் போட்டிக் கம்பெனிக்காரன் அவனை மோட்டாரில் தூக்கிப்போட்டுக்கொண்டு போய்விட்டான். விஷயம் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போயிற்று. "நீ யார் கம்பெனிப் பையன்டா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். "அங்கிட்டு கேப்பைக்கூழு சார், இங்கிட்டு தோசை" என்றான் இவன். நன்றி கெட்ட நடிகன் என்று பத்திரிகையில் எழுதினார்கள். பத்து வயசுப் பிள்ளைக்கு நன்றியைவிடத் தோசை பெரிதாகத் தெரிந்ததில் எனக்கொன்றும் அதிசயமில்லை.

பதினான்காம் வயதில் மகரக்கட்டு உடைந்தது. ஆண்பிள்ளை என்றால் குரல் உடையத்தான் செய்யும்; மற்ற வீடுகளில் அதை யாரும் கவனிப்பதுகூட இல்லை. நாடகக் கம்பெனியில் அது எழவு விழுந்த மாதிரி. இவன் குரலோ உடைந்து, பிறகு சேரவே இல்லை. உருளையில் எண்ணெய் போடாத கிணற்றுக் கயிறு இழுபடுவது போல ஆகிவிட்டது. ஆனால் புதுக்கோட்டைத் தகரக் கொட்டகையில் நாடகம் போட நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. முதலாளி ஒரு யோசனை செய்தார். மணமேல்குடிப் பையன் ஷேக் பரீது நல்ல பாடகன். அம்மைத் தழும்பு முகம் என்பதால் அவனை மேடைக்கு விடாமல் வைத்திருந்தார்கள். அவன் படுதாவுக்குப் பின்னால் நின்று பாட, ஆத்மநாதன் முன்னால் நின்று வாயசைக்க வேண்டும்.

இதில் ஆத்மநாதன் கெட்டிக்காரனாகிவிட்டான். பரீது எங்கே மூச்சு எடுப்பான், எங்கே இழுப்பான் என்பதெல்லாம் அவனுக்கு முதுகிலேயே தெரிந்தது. ஒரு வாரம் கொட்டகை நிரம்பி வழிந்தது. அதன்பிறகு ஒருநாள் புலம்பல் பாட்டின் நடுவில் படுதாவுக்குப் பின்னால் பரீதைத் தேள் கொட்டிவிட்டது. பிள்ளையை மடியில் போட்டு அழுதுகொண்டிருந்த ராணியிடமிருந்து "யா அல்லா, செத்தேன்" என்று ஓர் அலறல் வந்தது. ராணியின் வாய் மூடியிருந்தது.

அன்றைக்கு உடைந்த நாற்காலிகளுக்குக் கணக்கில்லை. ஏமாற்றுக்காரப் பயல்கள் என்று ஜனங்கள் கொட்டகையைப் பிய்த்தார்கள். முதலாளி மேடையேறி, பையன்கள் தமக்குத் தெரியாமல் செய்த வேலை என்று கும்பிட்டுச் சொல்லிவிட்டார். பரீது பினாங்குக்குக் கப்பல் ஏறினான். ஆத்மநாதன் ஒரு டிரங்குப் பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்தான். "வந்தியா, நல்லது, நாத்து நட ஆள் இல்லாமக் கெடக்கு" என்றாள் மூக்காயி.

அத்தோடு விட்டிருக்கலாம். நடிப்பு ஆசை விடவில்லை. சில வருஷம் கழித்துக் கோயம்புத்தூர் போய், ஒரு சினிமாவில் சேனாதிபதிக்குப் பக்கத்தில் ஈட்டி பிடித்து நின்று ஒரு வசனம் பேசினான். ஊரில் வந்து சொல்லும்போது சேனாதிபதியே தான்தான் என்று கொஞ்சம் கூடச் சொல்லிவிட்டான். படம் புதுக்கோட்டைக்கு வந்ததும் மேலக்குடியே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வண்டி பூட்டிப் போயிற்று. படத்தின் நீளத்தைக் குறைக்க அந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள் என்பது அவனுக்கே கொட்டகையில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் ஊர்ப் பெரியவர் அய்யாக்கண்ணு அம்பலம் எழுந்திருக்கவில்லை. "இருங்கப்பா, நம்ம பய இன்னும் வரலையே" என்றார். அதைக் கேட்டபோது ஆத்மநாதனுக்கு உயிரை விட்டுவிடலாம் போலிருந்தது.

அன்றிலிருந்து அவன் பேச்சு ஊரில் எடுபடாமல் போயிற்று. மழை வருகிறது என்று அவன் சொன்னால், வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார்கள்.

இந்த நிலையில்தான், உலக மகாயுத்தச் சண்டைக்காலத்தில் ஒரு பங்குனி மாதம், அவனுக்குத் தந்தி வந்தது. கோயம்புத்தூர் ஸ்டூடியோவிலிருந்து. ஒரு பாட்டு உள்ள வேஷம், உடனே புறப்பட்டு வா. வந்த நேரம்தான் கெட்ட நேரம். அதற்கு முதல்நாள்தான் ஊரில் முத்துமாரிக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டிவிட்டால் தேர் நிலைக்கு வரும்வரை ஊர்க்காரன் எவனும் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. மீறினால் ஊருக்கே ஆகாது என்பது அங்கே எல்லாருக்கும் உள்ள பயம்.

கோயில் வாசலில் ஊர் கூடியிருந்தது. ஆத்மநாதன் தந்தியை நீட்டினான்.

"மாமா, நெசமாத்தான் கூப்பிட்டிருக்காங்க. இதை விட்டா எனக்கு வேற வழி கெடையாது. உத்தரவு குடுங்க."

அம்பலம் அதை வாங்கவே இல்லை. "போன தடவையும் நெசமாத்தான் சொன்ன."

"மச்சான், இந்தத் தடவை சேனாதிபதியா, சக்கரவர்த்தியா?" என்றான் ராக்கன். சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

ஆத்மநாதன் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. அம்பலம் யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "காப்பு ஊர்க்காரனுக்குத்தான். வெளியூரானுக்கு இல்ல. நீ போயித்தான் ஆகணும்னா ஒன் தலைக்கட்டை எடுத்துர்றோம். வெளியூரானாப் போ. ஊருக்குக் கெடுதல் வராது."

தலைக்கட்டு என்றால் வீட்டுக்கு வீடு திருவிழாவுக்குக் கொடுக்கும் வரி. பணம் சொற்பம். ஆனால் அதை வாங்கினால்தான் அந்த வீடு ஊரில் ஒரு வீடு. வாங்காவிட்டால் கோயிலில் திருநீறு இல்லை, கல்யாணத்துக்கு வெற்றிலைபாக்கு இல்லை, செத்தால் பாடை தூக்க ஆள் வராது.

வீட்டுக்கு வந்து ஆத்தாவிடம் சொன்னான். ஆண்பிள்ளை என்று அந்த வீட்டில் இருப்பது அவன் ஒருவன்தான். அவன் தலைக்கட்டுப் போனால் அவளுடையதும் போயிற்று என்று அர்த்தம். மூக்காயி உலையில் அரிசியைப் போட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"நீ சொல்றது நெசமாடா?"

"ஒம் மேல சத்தியமா ஆத்தா."

"அப்பப் போ. நான் செத்தாத் தூக்குறதுக்கு நாலு பேரு வேணும். அதை மட்டும் நெனப்புல வச்சுக்க."

ஊர் தலைக்கட்டை எடுத்தது. ஆத்மநாதன் போனான்.

ஸ்டூடியோவில் உதவி டைரக்டராக இருந்தவர் பழைய பாய்ஸ் கம்பெனியில் மறைவில் நின்று வசனம் எடுத்துக்கொடுத்தவர். அவர்தான் இவனை ஞாபகம் வைத்துக் கூப்பிட்டது. ஓடக்காரன் வேஷம்; படகு தள்ளிக்கொண்டு ஒரு பாட்டு. ஆசையோடு ஆத்மநாதன் பாடிக் காட்டினான். பாதியிலேயே அவர் கையமர்த்தினார்.

"நீ பாட வேண்டாமப்பா. வேற ஆள் பாடிப் பதிவு பண்ணியாச்சு. இப்ப அப்படித்தான். வாயசைக்கிறதுல உன்னை மாதிரி யாரும் இல்லேன்னுதான் உன்னையே கூப்பிட்டேன். பழைய வித்தை ஞாபகம் இருக்கா?"

இருந்தது. எந்தக் காரியத்துக்காக நாற்காலியை உடைத்து அவனை விரட்டினார்களோ, அதே காரியத்துக்கு இங்கே காப்பி கொடுத்துக் கூலியும் கொடுத்தார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவன் காப்பியைக் குடித்தான். பிறகு படகில் ஏறி வாயசைத்தான். பாட்டு மூச்சு எடுத்த இடத்தில் தானும் எடுத்தான், மார்பு ஏறி இறங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது.

படம் புதுக்கோட்டைக்கு வந்தபோது ஓடக்காரன் பாட்டுக்குக் கொட்டகை ஆடிப்போயிற்று. குரல் யாருடையது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பாடியவர் பெயரைப் படத்திலும் போடவில்லை.

மேலக்குடி முதலில் போகவில்லை. ஒருதடவை பட்டது போதும் என்று இருந்தார்கள். சந்தைக்குப் போன ராக்கன் யதேச்சையாகப் பார்த்துவிட்டு ஓட்டமாக ஓடிவந்து சொன்னான். அவன் சொன்னதையும் நம்பாமல் அம்பலம் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு ஊரே வண்டி கட்டியது. 'நம்ம ஆத்மநாதன்' என்ற பேச்சு அப்போதுதான் புறப்பட்டது. இத்தனைக்கும் அவன் அங்கேதான் இருந்தான். திரும்பி வந்து பல மாதமாக ஊர்க்கிணற்றுக்கும் கோயிலுக்கும் வெளியாளாக, தன் துண்டு நிலத்தை உழுதுகொண்டு கிடந்தான். மூக்காயிக்கு மாரில் சளி கட்டி, இருமல் நிற்காமல் இருந்தது. பாடைக்கு நாலு பேர் என்று அவள் சொன்னது அவனை அரித்துக்கொண்டே இருந்தது. வேறு எதையும் அவன் விரும்பவில்லை. அந்தத் தலைக்கட்டு திரும்பக் கிடைத்தால் போதும்.

மறு பங்குனியில், காப்புக் கட்டும் நாள் சாயங்காலம், ராக்கன் தாம்பாளத்தில் வெற்றிலைபாக்கு எடுத்துக்கொண்டு வந்தான்.

"மச்சான், அம்பலம் வரச் சொன்னாரு. மாரியாத்தா சந்நிதியில ஓடக்காரன் பாட்டைப் பாடிரு. தலைக்கட்டை வாங்கிக்கிறோம்னுட்டாரு."

ஆத்மநாதன் போனான். பின்னாலேயே மூக்காயி இருமிக்கொண்டே வந்தாள். ஊர் முழுக்கக் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தது. அவன் கும்பிட்டுவிட்டு உள்ளதைச் சொன்னான்.

"அது என் குரல் இல்ல மாமா. வேற ஆளு பாடுனது. நான் வாய்தான் அசைச்சேன்."

"ரெண்டு கண்ணால பாத்தேன். நீதான் பாடுன" என்றார் அம்பலம்.

"சினிமாவுல இப்ப அப்படித்தான் மாமா."

"கழுத்து நரம்பு புடைச்சதைக்கூடப் பாத்தேன். ஊருக்குப் பாட மனசு வரலேன்னா அதைச் சொல்லு. பொய்யி எதுக்கு?"

கூட்டத்தில் முணுமுணுப்புக் கிளம்பியது. தலைக்கனம் என்றார்கள். ஆத்மநாதனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பொய் சொன்னபோது வண்டி கட்டி வந்தவர்கள், உண்மை சொன்னால் ஒருதடவைகூட நம்பியதில்லை. சரி, கேட்டுக்கொள்ளுங்கள் என்று வாயைத் திறந்து அந்தப் பாட்டைத் தன் சொந்தக் குரலில் எடுத்தான்.

கிணற்றுக் கயிறு இழுபட்டது. பல்லவி முடிவதற்குள் பிள்ளைகள் காதைப் பொத்தின. அவன் நிறுத்தவில்லை, பாட்டு முழுவதையும் பாடி முடித்தான். முடித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. ராக்கன்கூடச் சிரிக்கவில்லை.

"போச்சே" என்றான் ராக்கன், வாயில் கையை வைத்துக்கொண்டு. "காப்பை மீறிப் போனான்ல. ஆத்தா குரலைப் புடுங்கிட்டா."

பெண்கள் பக்கம் 'ஐயோ பாவம்' என்று கேட்டது. ஆத்மநாதன் திகைத்துப்போனான்.

"இல்ல மச்சான். பதினாலு வயசுலேருந்து எனக்கு இந்தக் குரல்தான். தெனம் கேக்குறியே."

"நீ சும்மா இரு. போன வருசம் ஏரோட்டுறப்ப என்னமாக் குரல் குடுப்ப."

ஆமாம், ஆமாம் என்றது ஊர். அம்பலம் மட்டும் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. பிறகு மெல்ல எழுந்து நின்றார்.

"தப்பு நம்ம மேலதான்ப்பா. காப்பு ஊர்க்காரனுக்குத்தானே? வெளியூரானா இருந்தா ஆத்தா எதுக்கு இவனைத் தண்டிக்கப் போறா? தலைக்கட்டை நாம எடுத்தோம். அவ எடுக்கல. அவளுக்கு இவன் நம்ம ஊர்க்காரன்தான்."

கூட்டத்தில் பலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்படி ஒரு தீர்ப்பு. அம்பலம் தாம்பாளத்தை அவன் முன் நீட்டினார்.

"வரியை வையி ஆத்மநாதா."

அவன் வாயைத் திறந்தான். இதெல்லாம் பொய் என்று சொல்வதற்குத்தான் திறந்தான். கூட்டத்தின் ஓரத்தில் மூக்காயி மாரைப் பிடித்துக்கொண்டு நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். வேண்டாம் என்று அவள் தலையாட்டக்கூட இல்லை. வந்த இருமலை மட்டும் முந்தானையால் அடக்கிக்கொண்டாள்.

ஆத்மநாதன் மடியிலிருந்ததை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தான்.

பூசாரி அவனை அம்மனுக்கு முன்னால் நிறுத்தி, மன்னிப்புக் கேட்கச் சொன்னார். ஊரும் கூடக் கேட்க வேண்டும் என்றார் அம்பலம். எல்லாரும் எழுந்தார்கள். "தெரியாமச் செஞ்ச தப்பைப் பொறுத்துக்க ஆத்தா, எங்க பிள்ளைக்குக் குரலைக் குடு" என்று ஊர் மொத்தமும் அவனுக்குப் பின்னால் நின்று உருக்கமாகச் சொல்லியது. ராக்கன் அழுதே விட்டான்.

முன்னால் நின்ற ஆத்மநாதன் சத்தம் இல்லாமல் வாயசைத்தான். எங்கே மூச்சு எடுப்பார்கள் என்பது அவனுக்கு முதுகிலேயே தெரிந்தது.