நிலபாவாடை

"இஞ்சருங்க, இதோடயா உள்ள போகப் போறீங்க?"

சின்னத்தங்கம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். ஊரின் பெரிய வயல்காரரான கந்தப்போடியாரின் வீட்டு வாசல் படலைக்கு வெளியே அவளும் கணவன் நல்லரத்தினமும் நின்றிருந்தார்கள். உள்ளே போடியாரின் மூத்த மகள் கேதீஸ்வரிக்குக் கல்யாணம். நல்லரத்தினத்தின் தோளில் நிலத்தில் விரிக்க வெளுத்து மடித்த வெள்ளைப் புடவைத் துணிகள். காலில் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் தாதி மிஸி கொடுத்த தடித்த றப்பர் செருப்பு.

"வீட்டுக்குள்ளயும் கழட்டப்படாதெண்டு மிஸி சொன்னதுதானே."

"மிஸிக்கு இந்தப் படலையத் தெரியுமா?"

 நல்லரத்தினத்துக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு நோய், வந்து பல வருடங்கள். துணி வெளுக்கக் குளத்தில் நின்றே பழகிய கால்கள் இப்போது செத்துப் போயிருந்தன. ஒருமுறை அடுப்பிலிருந்து விழுந்த தணலை மிதித்துக்கொண்டு நின்றான். தோல் கருகிய மணம் வந்த பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து மகள் மேனுகா பொழுதுபட முன்னம் அவன் கால்களை மடியில் வைத்துப் பார்ப்பாள். விரல் இடுக்குகளில் ஈரம் துடைப்பாள். சிறு கீறல் இருந்தாலும் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போவாள்.

போடியாரின் மைத்துனர் அருமைநாயகம் படலைக்கு வந்தார். அவர் பார்வை நேரே கீழே போனது.

"நல்லரத்தினம், கால்ல என்ன?"

"கிளினிக்கில தந்ததுங்க. வருத்தத்துக்கு."

"வருத்தத்த வீட்டில வெச்சிக்க. குடிமை வேலை செய்ய வந்தவன் செருப்போட நிக்கானெண்டு மாப்பிள்ள வீட்டாக்கள் கதைக்கப் போறாங்க. கழட்டு."

கந்தப்போடியார் பக்கத்தில்தான் நின்றார். எட்டு மாதம் முன்பு கடல் ஊருக்குள் வந்தபோது, பள்ளிக்கூட முகாமில் இந்த இரண்டு குடும்பமும் ஒரே கிடாரத்துச் சோற்றைத் தின்றிருந்தன. முள்ளுக்கம்பி கிழித்த போடியாரின் காலுக்குத் தன் சாரத்தைக் கிழித்துக் கட்டுப் போட்டவன் நல்லரத்தினம். அன்றைக்கு யாரும் யார் சாதியையும் கேட்கவில்லை. முகாம் கலைந்தது, மதில்கள் எழும்பின, கேள்விகளும் திரும்பி வந்தன. போடியார் அவனைப் பார்த்தார். பிறகு பந்தலில் சரிந்திருந்த வாழைமரத்தை நிமிர்த்தப் போய்விட்டார்.

நல்லரத்தினம் அசையாமல் நின்றான். சின்னத்தங்கத்துக்குப் பயம் வந்தது. இந்த வீட்டோடு முறைத்துக்கொண்டு இந்த ஊரில் எப்படி இருப்பது? அவள் குனிந்தாள். தானே செருப்பின் வாரை அவிழ்த்து, கணவனின் பாதத்தைத் தூக்கி, ஒன்றை உருவினாள், மற்றதையும் உருவினாள். அருமைநாயகம் தலையசைத்துவிட்டுப் போனார்.

மாப்பிள்ளையின் வான் வண்டி வந்து நின்றது. அவர் கால் மண்ணில் படக்கூடாது. வானிலிருந்து மணவறை வரைக்கும் வெள்ளை விரித்து, அவர் கடந்த புடவையை எடுத்து மறுபடி முன்னால் விரித்துக்கொண்டே போகவேண்டும். அதுதான் நிலபாவாடை. மத்தியான வெயிலில் மணல் கொதித்தது. கடல் கொண்டுவந்து போட்ட ஓட்டுத் துண்டுகளும் கண்ணாடியும் அந்த வளவில் இன்னும் முழுதாகப் பொறுக்கப்படவில்லை. நல்லரத்தினம் குனிந்தபடி, மாப்பிள்ளைக்கு முன்னும் பின்னும் ஓடினான். தவில் அடித்தது. அவனுக்கு ஒன்றும் வலிக்கவில்லை.

மாப்பிள்ளை சட்டென்று நின்றார். முன்னால் விரித்த வெள்ளையில், மிதிக்க வேண்டிய இடத்தில், சிவப்பாக ஒரு பாதத் தடம்.

தவில் நின்றது. "நல்ல காரியத்தில ரெத்தம்" என்று மாப்பிள்ளையின் பெரியம்மா சொன்னது எல்லோருக்கும் கேட்டது. ஒருவர் புடவையைச் சுருட்டி எறிந்தார். நல்லரத்தினம் தன் காலைப் பார்க்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, "பிழையாப் போயிற்று போடியார், பிழையாப் போயிற்று" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

காயம் எப்படி என்று அந்தப் பந்தலில் ஒருவரும் கேட்கவில்லை.

அன்று பொழுதுபட மேனுகா வந்து உட்கார்ந்தபோது அவன் காலை இழுத்துக்கொண்டான். "இண்டைக்கு வேணாம் மகள்." மறுநாளும் அதையே சொன்னான். கல்யாண வீட்டை அசிங்கப்படுத்தியவன் என்று தெருவெல்லாம் கதை. அந்த வெட்கத்தில் அவன் காலைத் துணியால் சுற்றி, சொந்த மகளுக்கும் மறைத்தான். கிளினிக் நாளன்று பாயில் முகம் திருப்பிப் படுத்துக்கொண்டான். கடைசியில் மணம்தான் அவனைக் காட்டிக்கொடுத்தது. மேனுகா துணியை அவிழ்த்தபோது இரண்டு விரல்கள் கறுத்திருந்தன.

ஆஸ்பத்திரியில் மிஸி கேட்டாள். "செருப்பு தந்தமே ஐயா. போடல்லியா?"

சின்னத்தங்கம் வாயைத் திறந்தாள். அதற்குள் அவன், "மறந்துபோயிட்டன் மிஸி" என்றான்.

டொக்டர் காலைப் பார்த்துவிட்டு, "முழங்காலுக்குக் கீழ கழட்ட வேண்டி வரும்" என்றார். கழட்டு என்ற அந்தச் சொல்லைச் சின்னத்தங்கம் படலையிலும் கேட்டிருந்தாள். வார்ட்டுக்கு வெளியே போய்த் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாலு வருடம் கழித்து, நாட்டில் சண்டை ஓய்ந்தபோது, போடியாரின் இளைய மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். அருமைநாயகம் நல்லரத்தினத்தின் வீட்டு வாசல்வரை வந்தார். உள்ளே வரவில்லை. ஊன்றுகோலோடு கதவடியில் இருந்தவனைத் தாண்டி, சின்னத்தங்கத்திடம் பேசினார்.

"நிலபாவாடைக்கு ஆள் வேணும். இவன் வேணாம். ஊனப்பட்ட ஆள் விரிச்சா சகுனம் சரியில்ல. உன்ட சொந்தத்தில முழுசா இருக்கிற ஒருத்தன அனுப்பு."

சின்னத்தங்கம் எழுந்து வந்து வாசல்படியில் நின்றாள்.

"இனி ஆரும் வரமாட்டம்."

"என்ன கதை இது? வழிவழியா வந்த முறை. நீங்க இல்லாம கல்யாணம் எப்பிடி நடக்கும்?"

"அது எனக்குத் தெரியாதுங்க. அண்டைக்கு அந்தச் செருப்பக் கழட்டினது நான்தான். அதுக்கே எனக்கு இன்னும் நித்திரை வாறல்ல. இன்னொருத்தன்ட கால நான் அனுப்பமாட்டன்."

நல்லரத்தினம் மனைவியை நிமிர்ந்து பார்த்தான். அருமைநாயகம் முறைத்துவிட்டுப் போனார். அவர் என்ன செய்வாரோ என்று அன்று முழுதும் இருவரும் பயந்திருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

கல்யாணத்தன்று தவில் சத்தம் அவர்களின் வளவுக்கும் கேட்டது. பந்தலைத் தெருவில் நின்று பார்த்துவிட்டு வந்த மேனுகாவிடம் நல்லரத்தினம் கேட்டான்.

"ஆரு மகள் விரிச்ச?"

"ஒருத்தருமில்ல அப்பா. காத்தான்குடிக் கடையிலருந்து சிவப்புக் கம்பளம் வாடகைக்கு எடுத்துப் போட்டிருக்காங்க."

"மாப்பிள்ள அதுக்கு மேலயா நடந்தாரு?"

"ஓம். கால்ல போட்ட சப்பாத்தும் கழட்டல்ல."

அவன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தான். பிறகு, "ஆரும் ஒண்டும் சொல்லல்லியா?" என்று கேட்டான்.

"இல்லப்பா. எல்லாரும் போட்டோ எடுத்தாங்க."